துறைமுகத்துப் பெண்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

பெண்கள் கால்பந்துக்கு இங்கிலாந்தில் விழுந்த தடையைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பை எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் சத்தமாகவே படித்துக் காட்டினேன். நான் உடற்கல்வி ஆசிரியை. 1920இல் லிவர்பூலில் 53,000 பேர் டிக்கெட் வாங்கிப் பெண்கள் ஆட்டத்தைப் பார்த்தார்கள், அடுத்த வருஷமே கால்பந்துச் சங்கம் தடை போட்டது, கதை முடிந்தது என்று எழுதியிருந்தீர்கள்.

எனக்கு இரண்டு சந்தேகம். ஒரு தீர்மானம் போட்டதும் அத்தனை கிளப்பும் அப்படியே படுத்துவிட்டனவா? அந்தப் பெண்கள் சண்டை போடவே இல்லையா? அடுத்தது, யார் எழுதினாலும் பிரஸ்டன் ஊரின் டிக், கெர் அணியைப் பற்றியே எழுதுகிறார்கள். அது பெரிய கம்பெனியின் டீம். சின்ன ஊர் எதிலாவது இப்படி ஒரு கிளப் இருந்ததா? எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லக் கேட்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

மூன்று வாரம் தாமதம், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அதற்குப் பதில் சொன்னால் முதல் கேள்விக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும். என் குறிப்பில் இருந்த ஒரு தவறும் வெளியே வந்துவிடும்.

ஊரின் பெயர் ப்ளைத். இங்கிலாந்தின் வடகிழக்கில், நியூகாசிலுக்கு வடக்கே, நார்த்தம்பர்லண்ட் கடற்கரையில் இருக்கிறது. சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கங்கள். தோண்டிய கரியைக் கப்பலேற்றி விடுவதுதான் துறைமுகத்தின் வேலை. அங்கே 1899இல் ஆண்கள் ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். பழைய கிரேக்கத்து ஸ்பார்ட்டா வீரர்கள் போல உயிரைக் கொடுத்து ஆடட்டும் என்று அதன் செயலாளர் ப்ளைத் ஸ்பார்ட்டன்ஸ் என்று பெயர் வைத்தார். கரித்தூசி படிந்த ஒரு ஊருக்குக் கொஞ்சம் பெரிய பெயர்தான்.

முதல் உலகப்போர் வந்தது. 1915 வசந்தத்தோடு லீக் போட்டிகளை நிறுத்தினார்கள். 1916இல் கட்டாய ராணுவச் சேவை வந்தது. ஆண்கள் பிரான்சுக்குப் போனார்கள், மைதானம் காலி. அவர்கள் விட்டுப்போன வேலைகளுக்குப் பெண்கள் வந்தார்கள். ப்ளைத்தின் தெற்குத் துறையில் அவர்களுக்குக் கிடைத்தது பீரங்கிக் குண்டு வேலை. போர்முனைக்குப் போகும் குண்டுகளைக் கப்பலில் ஏற்ற வேண்டும். சுட்டுத் தீர்ந்து திரும்பி வரும் வெற்றுக் கூடுகளை இறக்க வேண்டும்.

இந்த வேலையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். அந்தப் போரில் பிரிட்டிஷ் படை அதிகம் பயன்படுத்திய பீரங்கியின் பெயரே ‘பதினெட்டுப் பவுண்டர்’. அதன் ஒரு குண்டின் எடை எட்டுக் கிலோவுக்குச் சற்று மேல். ரேஷன் கடையிலிருந்து பத்துக் கிலோ அரிசிப் பையைத் தூக்கி வருகிறவருக்கு அந்த எடை புரியும். அதை ஒருமுறை தூக்கி வைத்துவிட்டுப் பெருமூச்சு விடலாம். ஷிஃப்ட் முழுக்கக் குனிந்து, நிமிர்ந்து, திரும்பி, மறுபடி குனிந்து அதையே செய்தால்? உடற்கல்வி ஆசிரியை, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொடைக்கும் இடுப்புக்கும் இதைவிட நல்ல பயிற்சியை எந்தக் கோச்சும் எழுதித் தர முடியாது.

இடைவேளையில் இவர்கள் பந்தை எடுத்துக்கொண்டு கடற்கரை மணலுக்குப் போனார்கள். அங்கே இருந்த கடற்படை மாலுமிகள் ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். வடகடல் காற்று எதிரே அடிக்கும். அன்றைய பந்து தோலில் தைத்தது, மேலே ஷூவுக்குப் போல லேஸ் கட்டியிருக்கும். தண்ணீர் பட்டால் ஊறிக் கனத்துவிடும். தலையால் முட்டும்போது லேஸ் பக்கம் பட்டால் நெற்றியில் வரி விழும். அந்தப் பந்தில், அந்த மணலில் பழகியவர்களுக்குப் புல்தரை ஆட்டம் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

1917இல் இவர்கள் அணியாகிவிட்டார்கள். ஊர் ஆண்கள் கிளப்பின் பெயரையே எடுத்துக்கொண்டார்கள்: ப்ளைத் ஸ்பார்ட்டன்ஸ் லேடீஸ். வடகிழக்கில் இவர்கள் மட்டும் இல்லை. டைன், வியர், டீஸ் என்ற மூன்று ஆற்றங்கரையிலும் கப்பல் பட்டறை, இரும்பாலை, குண்டுத் தொழிற்சாலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண்கள் அணி முளைத்தது. வசூல் காயம்பட்ட சிப்பாய்களுக்கும் தர்ம நிதிகளுக்கும் போனது. ஆரம்பத்தில் கூட்டம் வேடிக்கை பார்க்கத்தான் வந்தது. அந்தக் காலத்தில் பெண்கள் சிப்பாய்களோடு மோதுவதும் உண்டு. அப்போது சிப்பாய்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆடுவார்கள், சனம் சிரிக்கும். அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நீடிக்கவில்லை. குண்டு வேலைப் பெண்களுக்கென்றே 1917-18 பருவத்தில் ஒரு கோப்பை வைத்தார்கள். அதோடு பார்வையாளர்கள் கோல் கணக்கு கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

ப்ளைத்தில் அந்தக் கணக்கை ஏற்றியவர் பெல்லா ரே. பக்கத்துக் கௌப்பன் கிராமத்துச் சுரங்கத் தொழிலாளியின் மகள். சென்டர் ஃபார்வர்ட், அதாவது முன்வரிசை நடுவில் நின்று கோல் அடிப்பவர். அந்த ஒரு பருவத்தில் 133 கோல் போட்டார். எதிரணிகள் எல்லாமே தேர்ந்தவை இல்லை என்று கழித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. கழித்த பிறகும் அது பெரிய எண்தான்.

இறுதிப் போட்டி 1918 மார்ச் 30, நியூகாசிலின் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில். எதிரணி மிடில்ஸ்ப்ரோவின் போல்கோ வான் என்ற பெரிய உருக்காலையின் பெண்கள். 15,000 பேர் வந்தார்கள். ஆட்டம் 0–0. பெல்லா ரேயை ஒரு கோல்கூடப் போட விடாமல் அந்த உருக்காலைப் பெண்கள் கட்டிப்போட்டது பற்றி யாராவது தனியாக எழுத வேண்டும்! மறு ஆட்டம் மே 18, மிடில்ஸ்ப்ரோவின் ஏர்சம் பார்க்கில், அதாவது எதிரணியின் சொந்த ஊரில். இந்த முறை 22,000 பேர். ப்ளைத் 5–0 என்று ஜெயித்தது. பெல்லா மூன்று கோல்.

ஆறே மாதத்தில் போர் முடிந்தது. 1919இல் அந்த அணி இல்லை.

யாரும் தடை போடவில்லை, கே. யாரும் தீர்மானம் நிறைவேற்றவில்லை. பீரங்கி நின்றது, குண்டு ஏற்றும் வேலை நின்றது, வேலை நின்றதும் அணி கலைந்தது. அவ்வளவுதான். அதே 1919இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டமே கொண்டுவந்தது. போருக்கு முன்பிருந்த தொழில் வழக்கங்களைத் தொழிற்சாலைகள் மறுபடி கொண்டுவர வேண்டும், அதாவது போர்க்காலத்தில் பெண்களிடம் போன வேலைகள் பலவும் பழையபடி ஆண்களுக்கே போக வேண்டும். கால்பந்தைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. ஆனால் தொழிற்சாலை அணி என்பது தொழிற்சாலையை நம்பி இருப்பது. ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கூட, பந்து வாங்க, வேறு ஊருக்கு ரயிலேற எல்லாவற்றுக்கும் அந்த வேலைதான் அடிப்படை. வீட்டுக்கு அனுப்பப்பட்ட பதினோரு பேர் பதினோரு வீட்டில் இருப்பார்கள்.

என் குறிப்பில் நான் செய்த தவறு இதுதான். 1921 தடையையே ஒற்றை வில்லனாக்கி எழுதிவிட்டேன். தேதியும் தீர்மானமும் கையில் இருந்தால் கதை சொல்வது சுலபம். போர்க்கால அணிகளில் நிறைய தடைக்கு முன்பே போய்விட்டன.

அப்படியானால் தடை எதைக் கொன்றது? இரண்டாவது விளைச்சலை. 1921இல் இங்கிலாந்தில் பெண்கள் கிளப்புகள் சுமார் 150 இருந்தன. டிக், கெர் அணியின் புகழைப் பார்த்து ஆரம்பித்தவை சில. சுரங்க ஊர்களில் வேறு காரணம். அந்த வருஷம் சுரங்க முதலாளிகள் கூலியைக் குறைத்தார்கள், ஏற்காத தொழிலாளிகளை வெளியே நிறுத்திக் கதவடைத்தார்கள். பட்டினி கிடந்த குடும்பங்களுக்குப் பணம் திரட்டப் பெண்கள் பந்து ஆடினார்கள். காயம்பட்ட சிப்பாய்க்கு ஆடியபோது கைதட்டியவர்களில் எல்லோருக்கும் இது ருசித்திருக்காது என்பது என் ஊகம். 1921 டிசம்பர் 5ஆம் தேதி கால்பந்துச் சங்கம் தீர்மானம் போட்டது. இந்த ஆட்டம் பெண்களுக்கு ஒவ்வாது, ஊக்குவிக்கக் கூடாது என்றது. வசூலில் அதிகப் பங்கு செலவுக்கே போய்விடுகிறது என்றும் குறை சொன்னது. வேலைக்கு லீவு போட்டுக் கூலியை இழந்து வந்த பெண்ணுக்கு அந்தக் கூலியையும் ரயில் கட்டணத்தையும் கொடுத்தால் அதுவும் செலவுக் கணக்கில்தான் ஏறும் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன.

தடை எப்படி வேலை செய்தது என்பதையும் பாருங்கள். பெண்கள் ஆடக் கூடாது என்று அவர்களால் சொல்ல முடியாது. தங்கள் சங்கத்தில் சேர்ந்த கிளப்புகள் மைதானம் கொடுக்கக் கூடாது என்றார்கள். காலரியும் டிக்கெட் கவுண்டரும் இருந்த மைதானங்கள் அவர்களிடம்தான். மீதி இருந்தது பூங்காவும் ரக்பி மைதானமும். அங்கே 53,000 பேரை நிறுத்த இடம் ஏது?

சண்டை போடவில்லையா என்று கேட்டீர்கள். போட்டார்கள். அதே டிசம்பரிலேயே கிளப்புகள் ப்ளாக்பர்னில் கூடிப் பெண்களுக்குத் தனிச் சங்கம் ஆரம்பித்தன. 1922இல் தனிக் கோப்பையும் நடத்தின. ஸ்டோக் அணி ஜெயித்தது. அந்தப் பெண்கள் சங்கம் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கவில்லை. டிக், கெர் அணி அதே வருஷம் அமெரிக்காவுக்குக் கப்பலேறி, அங்கே ஆண்கள் அணிகளோடு மோதியது. அப்புறம் பெயரை பிரஸ்டன் லேடீஸ் என்று மாற்றிக்கொண்டு 1965 வரைக்கும் ஆடியது. அத்தனை வருஷம் ஆடுவது எப்படிச் சாத்தியமானது? ஆல்ஃப்ரெட் ஃப்ராங்க்லண்ட் என்ற ஒட்டிப்பிடித்த மேனேஜர் இருந்தார். அதைவிட முக்கியம், கம்பெனியோடு உறவு கசந்தபோது ஆட்டக்காரிகள் பலருக்குப் பக்கத்து விட்டிங்ஹாம் மனநல மருத்துவமனையில் வேலை கிடைத்தது. அணியின் ஆட்டக்காரி லில்லி பார் அங்கே நர்ஸாக இருந்துகொண்டேதான் கோல் போட்டார். மறுபடியும் வேலை. ப்ளைத் பெண்களுக்கு இல்லாமல் போனதும் அதுதான்.

இங்கிலாந்தில் தடையை விலக்க 1971 ஆகிவிட்டது. கால்பந்துச் சங்கம் மன்னிப்புக் கேட்டது 2008இல்.

பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்று கேட்டீர்களே. ஏர்சம் பார்க் இப்போது இல்லை. 1990களில் இடித்துவிட்டு அங்கே வீடுகள் கட்டினார்கள். 1966 உலகக்கோப்பையில் வடகொரியா இத்தாலியைத் தோற்கடித்த மைதானமும் அதுதான். அன்று வெற்றிக் கோலை அடித்த இடத்தில், வீடுகளுக்கு நடுவே, பூட்ஸ் ஆணித்தடம் ஒன்றை வெண்கலத்தில் வார்த்துப் பதித்திருக்கிறார்கள். அதைத் தேடி வருகிறவர்கள் உண்டு. அதற்கு 48 வருஷம் முன்னால், அதே மைதானத்தில் ஒரு மே மாதச் சனிக்கிழமை, கௌப்பன் கிராமத்துப் பெண் மூன்று கோல் அடித்தார். பெல்லா ரே 1900இல் பிறந்தவர். கணக்குப் போட்டு வயதை உங்கள் பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள்.