குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவிலிருந்து ஒளிரும் கார்பன் செய்ய முடியுமா?

முடியும். இப்படி ஒளிரும் கார்பனுக்குக் கார்பன் புள்ளிகள் என்று பெயர்; இவை 10 நானோமீட்டருக்கும் சிறிய கரித்துகள்கள். சேலம், நாமக்கல் பக்கத்து சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் கிழங்குப் பால் தெளிந்ததும் தொட்டியடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்த மாவே போதும்.

மாவுச்சத்து என்பது சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த சங்கிலி. தண்ணீரில் கலந்து, இறுக மூடிய எஃகுக் கலனில் 200 டிகிரி வாக்கில் சில மணி நேரம் சூடாக்கினால் சங்கிலி அறுந்து, நீர் கழன்று, கார்பன் நுண்துகளாகத் திரளும். வெல்லப்பாகு முற்றிக் கறுப்பதைப் போலத்தான். (வீட்டுக் குக்கரில் முயல வேண்டாம், அந்த அழுத்தத்தை அது தாங்காது.) அப்புறம் வடிகட்டிய பழுப்பு நீர்மேல் புற ஊதா விளக்கை அடித்தால் நீலமாக ஒளிரும்! கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியைத் துகள் வாங்கி, கொஞ்சம் ஆற்றலை இழந்து, மீதியைத் தெரியும் ஒளியாக விடுகிறது. நம்மூர்க் கிழங்குக்கு இப்படியொரு திறமை இருப்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

பலர் நினைப்பதற்கு மாறாக, இது இருட்டில் தானாக மின்னாது. விளக்கை அணைத்தால் ஒளியும் நின்றுவிடும்.