முதிய பூனையுடன் ஜெர்மனிக்கு

கேள்வி: மகளுடன் வாழ ஜெர்மனி செல்லவிருக்கும் நான், 14 வயதாகும் என் பூனையையும் அழைத்துச் செல்லலாமா? பயணத்தை அது தாங்குமா என்று அஞ்சுகிறேன்.
– வாசகி, கோவை

பதில்: வயதைவிடச் சிறுநீரகமும் இதயமும் எந்த நிலையில் உள்ளன என்பதே முக்கியம் ஆதலால், முதலில் கால்நடை மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். அவை சீராக இருந்தால் தயங்காமல் அழைத்துச் செல்லலாம் என்பதே என் கருத்து. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, தோலுக்கடியில் மைக்ரோசிப் (பூனையை அடையாளம் காட்டும் சிறு மின்னணுச் சில்லு) பொருத்தி, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, குறைந்தது 30 நாட்கள் கழித்து எடுக்கும் இரத்தத்தில் போதிய எதிர்ப்புத்திறன் இருப்பதை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகம் உறுதிசெய்ய வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதங்கள் கழிந்த பின்னரே நுழைய முடியும். அந்த மாதங்களில் பயணக் கூடையை வீட்டிலேயே திறந்து வைத்து, உங்கள் பழைய புடவையை விரித்து, அதற்குள்ளேயே உணவு கொடுத்துப் பழக்குங்கள். தூக்க மருந்து மட்டும் வேண்டாம். முதிய பூனைக்கு அது இரத்த அழுத்தத்தைக் குறைத்துவிடக்கூடும்.