ஆய்விதழ்ப் பதிப்பாசிரியர்களின் கேள்விகள்: நூலகர் பதில்கள்

எங்கள் துறை அடுத்த ஆண்டு முதல் அரையாண்டு ஆய்விதழ் ஒன்றைத் தொடங்கவிருக்கிறது. பல்கலைக்கழக நூலகத்தை எந்தக் கட்டத்தில் அணுக வேண்டும்?

இதழின் பெயர் முடிவாவதற்கு முன்பே அணுகுங்கள். பெரும்பாலோர் முதல் இதழ் அச்சகத்துக்குப் போன பிறகு, அட்டையில் போடுவதற்கு ஐ.எஸ்.எஸ்.என். (தொடர் இதழ்களை அடையாளம் காட்டும் பன்னாட்டுத் தர எண்) வேண்டும் என்று ஓடி வருகிறார்கள். அந்த எட்டிலக்க எண் இதழின் பெயரோடு பிணைந்தது. பெயரைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றினால் புது எண் வாங்க வேண்டும். அச்சு வடிவத்துக்கும் இணைய வடிவத்துக்கும் தனித்தனி எண்கள் உண்டு. இந்தியாவில் இதை வழங்கும் தேசிய மையம் புதுதில்லியில், அறிவியல் தொழிலக ஆய்வு மன்றமான சி.எஸ்.ஐ.ஆரின் நிறுவனம் ஒன்றின் கீழ் இயங்குகிறது, கட்டணம் கிடையாது. ஆகவே, எண் வாங்கித் தருவதாகப் பணம் கேட்கும் இடைத்தரகர்களிடம் போக வேண்டாம். நீங்கள் நினைத்திருக்கும் பெயரில் ஏற்கெனவே வேறோர் இதழ் வருகிறதா என்று நூலகர் அரைமணி நேரத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

அடுத்தது மென்பொருள். கட்டுரையைப் பெறுவது முதல் மதிப்பாய்வுக்கு அனுப்பி வெளியிடுவது வரை எல்லாவற்றையும் ஓரிடத்தில் நடத்த உதவும் ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜான் வில்லின்ஸ்கி 1998இல் தொடங்கிய திட்டத்தின் விளைவாக 2001இல் வெளியான இந்த மென்பொருளைப் பின்னர் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழக நூலகம் தன் பொறுப்பில் ஏற்று வளர்த்தது. இதை நிறுவுவது, புதிய பதிப்புக்கு மாற்றுவது, நாள்தோறும் காப்புப்படி எடுப்பது ஆகியவை நூலகத்தின் வேலைகள். எந்தக் கட்டுரையை ஏற்பது, யாரை மதிப்பாய்வாளராக அழைப்பது என்பவற்றில் நூலகம் தலையிடாது, தலையிடவும் கூடாது.

இருபது ஆண்டுகளுக்கு முந்தைய எங்கள் தமிழ் இதழ்களின் பி.டி.எஃப். கோப்புகள் இருக்கின்றன. அவற்றை அப்படியே இணையத்தில் ஏற்றிவிடலாமா?

ஏற்றலாம், ஆனால் எவரும் அவற்றைக் கண்டுபிடிக்க மாட்டார்கள். அக்காலத்துக் கோப்புகளில் பல, ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உருவில் காட்டும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. திரையில் ‘தமிழ்’ என்று அழகாகத் தெரியும் சொல்லை நகலெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டிப் பாருங்கள்: நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான் வந்து விழும். தேடுபொறியின் கண்ணுக்குப் படுவதும் அந்த அரைப்புள்ளிதான். தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை (யூனிகோட், எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியெண் தரும் முறை) தன் தரமாக ஏற்றது. அதன் பிறகும் அச்சக வசதிக்காகப் பழைய எழுத்துருவிலேயே பக்கம் அமைத்த இதழ்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

நூலகத்தில் நாங்கள் செய்வது இதுதான். தட்டச்சான கோப்பு கைவசம் இருந்தால் எழுத்துரு மாற்றும் செயலியால் ஒருங்குறிக்குக் கொண்டுவருகிறோம். பின்னர் மனிதக் கண்ணால் ஒருமுறை மெய்ப்புப் பார்ப்பது தவிர்க்க முடியாதது, ஏனெனில் கொம்பும் காலும் இடம் மாறுவது, நடுவே வந்த ஆங்கிலச் சொற்களும் மேற்கோள் குறிகளும் தமிழெழுத்தாகிவிடுவது போன்ற பிழைகளை எந்தச் செயலியும் முழுமையாகத் தவிர்ப்பதில்லை. அச்சுப்படி மட்டும் இருந்தால் அதை ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரி (ஓ.சி.ஆர்.) வழியாக எடுக்கிறோம். இவை இரண்டுக்கும் ஆளும் பணமும் இல்லாத துறைகளுக்கு என் பரிந்துரை: கோப்பை அப்படியே விடுங்கள், ஒவ்வொரு கட்டுரைக்கும் தனிப்பக்கம் அமைத்து, தலைப்பு, ஆசிரியர் பெயர், ஐந்து வரிச் சுருக்கம் ஆகியவற்றை மட்டும் ஒருங்குறியில் தட்டச்சு செய்யுங்கள். ஓர் இதழுக்கு ஒரு பிற்பகல் போதும். முழு இதழையும் ஒரே கோப்பாக ஏற்றும் வழக்கத்தை மட்டும் கைவிடுங்கள்.

ஐ.எஸ்.எஸ்.என். இருக்கும்போது டி.ஓ.ஐ. எதற்கு?

முன்னது இதழுக்கான எண், பின்னது ஒவ்வொரு கட்டுரைக்குமான நிலையான இணைய அடையாளக் குறி. தளத்தின் முகவரி மாறினாலும் டி.ஓ.ஐ. வாசகரைக் கட்டுரையிடம் சேர்க்கும், ஆனால் புதிய முகவரியை யாராவது பதிந்திருக்க வேண்டும். டி.ஓ.ஐ. பதிவு செய்துதரும் கிராஸ்ரெஃப் போன்ற அமைப்பில் உறுப்பினராகக் கட்டணம் உண்டு என்பதால், துறைக்குத் துறை தனியாகச் சேராமல் நூலகத்தின் பெயரில் ஒரே உறுப்பினராகச் சேர்வது சிக்கனம்.

ஒப்புமை அறிக்கையில் 38 விழுக்காடு வந்த கட்டுரையை நிராகரித்துவிடலாமா?

கட்டுரையில் எவ்வளவு பகுதி பிற எழுத்துகளோடு ஒத்திருக்கிறது என்று மென்பொருள் காட்டுவதுதான் அந்த அறிக்கை; எண்ணை மட்டும் பார்த்து நிராகரிக்க வேண்டாம். எங்கள் பார்வைக்கு வந்த ஒரு கட்டுரையில் இதே அளவு ஒப்புமை காட்டியது. பிரித்துப் பார்த்தபோது அதில் பெரும்பகுதி குறுந்தொகைப் பாடல்களின் முழு மேற்கோள். இரண்டாயிரம் ஆண்டுப் பழைய பாடலை ஆய்வாளர் தம் சொந்த நடையில் மாற்றி எழுதவா முடியும்? பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளே, உரிய சான்றோடு தந்த மேற்கோள்கள், துணைநூற்பட்டியல் முதலியவற்றையும், 14 சொற்கள் வரையிலான பொதுவான தொடர்களையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்கின்றன. அவற்றை நீக்கிய பிறகும் 10 விழுக்காட்டைத் தாண்டினால்தான் அவ்விதிகளின்படி நடவடிக்கைக்குரிய நிலைகள் தொடங்குகின்றன.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. மேலே சொன்ன பாமினிக் கோப்பைச் சோதனைக்கு அனுப்பினால், ஒருங்குறியில் உள்ள மூலத்தோடு மென்பொருளால் அதை ஒப்பிட இயலாது; வரிக்கு வரி நகலெடுத்த கட்டுரைக்கும் சுழியம் என்று வரலாம். எனவே ஒருங்குறியில் வராத கட்டுரையைச் சோதனைக்கே ஏற்காதீர்கள். அறிக்கையை எடுத்துத் தருவதும் அதைப் படிக்கக் கற்றுத் தருவதும் நூலகரின் பணி. திருட்டா, இல்லையா என்ற தீர்ப்பு உங்களுடையது.

யு.ஜி.சி. கேர் பட்டியல் நிறுத்தப்பட்ட பிறகு எங்கள் இதழின் தரத்தை எப்படிக் காட்டுவது?

பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) தரமானவை என ஏற்ற இதழ்களின் பட்டியல் அது; 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டதைப் பலர் இழப்பாகக் கருதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எவரும் கட்டணமின்றிப் படிக்கும் திறந்த அணுக்க இதழ் என்றால், அத்தகைய இதழ்களைப் பட்டியலிடுவதற்காகச் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக நூலகத்தில் 2003இல் தொடங்கிய டி.ஓ.ஏ.ஜே. அடைவுக்கு விண்ணப்பியுங்கள், அதற்கும் கட்டணம் இல்லை. மதிப்பாய்வு முறை, பதிப்புக் குழுவினரின் பெயரும் பணியிடமும், உரிமம், கட்டணம் உண்டா இல்லையா ஆகிய அனைத்தும் தளத்தில் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். விண்ணப்பத்தை அனுப்புமுன் நூலகரிடம் ஒருமுறை காட்டுங்கள். குழுவில் பெயர் இருப்பதே தெரியாத ‘உறுப்பினர்’ ஒருவராவது பெரும்பாலும் அகப்படுவார்.

பதிப்பாசிரியர் அடுத்த ஆண்டு ஓய்வுபெறுகிறார். இப்போதே என்னென்ன செய்து வைக்க வேண்டும்?

முதலில் தளத்தின் முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒரு துறை இதழில் அது பதிப்பாசிரியரின் சொந்த மின்னஞ்சலில், சொந்தப் பணத்தில் வாங்கியதாக இருந்தது. அவர் ஓய்வுபெற்றபின் புதுப்பிப்பு நினைவூட்டல்கள் அவர் பார்க்காத அஞ்சல்பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தன. முகவரி காலாவதியாகி வேறொருவர் கைக்குப் போனது. பதினோரு ஆண்டுக் கட்டுரைகளைப் பழைய கணினி ஒன்றிலிருந்தும் கட்டுரையாளர்களிடமிருந்தும் ஒவ்வொன்றாகத் திரட்டினோம். மூன்று இதழ்கள் இன்னும் கிடைக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் சொந்த முகவரியின் கீழ் இதழுக்கு ஓர் உட்பிரிவு கேட்டு வாங்கியிருந்தால் இது நேர்ந்திராது.

இரண்டாவது, பாதுகாப்பு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகங்கள் 1999இல் தொடங்கிய லாக்ஸ் திட்டம், ஒரே கோப்பின் படிகளைப் பல நூலகங்களில் வைத்து, அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று அவ்வப்போது சரிபார்க்கும் முறையில் இயங்குகிறது. ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸில் நடக்கும் இதழ்களுக்கு அதே முறையிலான பாதுகாப்பு வலையமைப்பு இலவசமாக உண்டு, ஐ.எஸ்.எஸ்.என். பெற்ற இதழ், அதற்கான செருகுநிரலை (மென்பொருளோடு இணைக்கும் கூடுதல் நிரல்) இயக்கி நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டால் போதும். மூன்றாவது, இதழுக்கென ஒரு பொது மின்னஞ்சல் தொடங்கி, நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல், கட்டுரையாளர்கள் ஒப்பமிட்ட உரிமப் படிவங்கள், டி.ஓ.ஐ. கணக்கு விவரம் ஆகியவற்றை ஓர் உறையில் இட்டு நூலகத்தில் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.