ஊசி போட்டதிலிருந்து கையைத் தூக்க முடியவில்லை, வழக்குப் போடலாமா?

கேள்வி: காலில் ஆணி குத்தியதற்காக இங்கே ஒரு தனியார் கிளினிக்கில் டிடி ஊசி போட்டேன். நர்ஸ் தோளின் உச்சியிலேயே குத்திவிட்டார். அன்று ராத்திரியே வலி. எட்டு மாதமாகிறது, தலை பின்னக்கூட கை ஏறவில்லை. அமெரிக்காவில் இருக்கும் நாத்தனார் மகன், அங்கே இதற்கு நஷ்டஈடு தருகிறார்கள் என்கிறான். எனக்கும் கிடைக்குமா சார்?
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: தம்பி சொல்வது உண்மைதான், ஆனால் அது அந்த ஊரில் போட்ட ஊசிக்கு. 1986-ல் அங்கே தனிச் சட்டமே போட்டார்கள். தடுப்பூசி மீது வசூலிக்கும் வரியிலிருந்து நஷ்டஈடு போகிறது. 2017-ல் தோள் காயத்தையும் பட்டியலில் சேர்த்தார்கள். 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கி, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால், யார் தப்பு என்று நிரூபிக்காமலே கேட்கலாம். இங்கே அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. கவனக்குறைவு நடந்தது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும்.

அதனால் முதல் கேள்வி: காசு கொடுத்தீர்களா, பில் இருக்கிறதா? எல்லோருக்கும் இலவசமாகப் போடும் அரசு மருத்துவமனை என்றால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது, சிவில் கோர்ட்டுக்கோ உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கோதான் போக வேண்டும். இதை உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. உங்களுடையது தனியார் கிளினிக், எனவே மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கட்டணத்துக்கு நீங்கள் கேட்கும் தொகையைப் பார்க்க மாட்டார்கள், ஊசிக்குக் கொடுத்த காசைத்தான் பார்ப்பார்கள், அது ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது (எந்தக் கிளினிக்கும் டிடிக்கு அவ்வளவு வாங்காது!).

ஆனால் வழக்கு நிற்பது காகிதத்தில்தான். பில், சீட்டு, தோளின் எம்ஆர்ஐ, அப்புறம் 'தசையில் போட வேண்டிய ஊசி மூட்டருகே இறங்கியிருக்கிறது' என்று ஓர் எலும்பு மருத்துவர் எழுதித் தரும் கருத்து, இவ்வளவும் வேண்டும். கிளினிக்கில் உங்கள் சிகிச்சைப் பதிவை எழுத்து மூலம் கேளுங்கள், 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது டாக்டர்களுக்கான விதி. வலி அன்றே தொடங்கியதற்குச் சாட்சியாக, மறுநாள் யாருக்காவது வாட்ஸ்அப்பில் புலம்பியிருந்தால் அதையும் அழித்துவிடாதீர்கள்.

வக்கீலுக்குப் பணமில்லையா, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் இலவச சட்ட உதவி மையத்துக்குப் போங்கள், பெண்களுக்கு வருமான வரம்பே இல்லை. லட்சக்கணக்கில் எதிர்பார்க்க வேண்டாம், வைத்தியச் செலவும் இழந்த கூலியும் கொஞ்சம் மனவேதனைக்கும் என்றுதான் கேட்க முடியும். பிசியோதெரபியை மட்டும் வழக்குக்காகத் தள்ளிப் போடாதீர்கள், 'இவ்வளவு நாள் ஏன் வைத்தியம் பார்க்கவில்லை' என்பதுதான் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வியாக இருக்கும்.