வாசகர் கேள்வி: லாட்டரிச் சீட்டு பேராசையா?

கேள்வி: என் அப்பா வாரந்தோறும் புளியரை சோதனைச் சாவடியைக் கடந்து கேரளத்தின் ஆரியங்காவு சென்று லாட்டரிச் சீட்டு வாங்கி வருகிறார். ஓய்வூதியத்தில் பெரும்பகுதி அதிலேயே கரைகிறது. இது பேராசைதானே?
– ஒரு வாசகி, செங்கோட்டை

பதில்: பேராசை என்று ஒரேயடியாகச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. கேரள அரசு 1967-இல் லாட்டரியைத் தொடங்கியது. தமிழ்நாடு 2003-இல் தடை செய்தது. ஆகவே நம் எல்லையோர ஊர்களில் ஆசையோடு பேருந்துக் கட்டணமும் சேர்ந்துவிட்டது. கோடி ரூபாய்ப் பரிசைவிட, கடைசி நான்கு எண்கள் ஒத்துப்போனால் கிடைக்கும் சில நூறு ரூபாய்தான் ஆளைப் பிடித்து வைக்கிறது. அந்தப் பணத்தை வீட்டுக்குக் கொண்டுவராமல், அதே கடையில் அடுத்த சீட்டுகளாக மாற்றிக்கொண்டு, 'போட்டது வந்துவிட்டது' என்ற நிறைவோடு திரும்புபவர்கள் பலர். முதல் பரிசே விழுந்தாலும், முகவர் கழிவும் 30 விழுக்காடு வருமான வரியும் போக மிச்சம்தான் கைக்கு வரும் என்பதைச் சீட்டு வாங்கும்போது யார் நினைக்கிறார்கள்?

அப்பாவைப் பழிக்காதீர்கள். பழிச்சொல் கேட்டவர் சீட்டைச் சட்டைப் பையிலிருந்து பஞ்சாங்கத்துக்குள் மாற்றி வைப்பாரே தவிர, வாங்குவதை நிறுத்தமாட்டார். வீட்டுக் கணக்கு நோட்டில் பால், மளிகை வரிசையில் லாட்டரிக்கும் ஓர் இடம் கொடுத்து, போனதையும் வந்ததையும் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் கூட்டிப் பார்ப்பவரும் அவராகவே இருக்கட்டும்.