கேள்வி பதில்: படங்களைப் பொருத்துவதும் தெளிவாக்குவதும்

ஒரே கேள்வியைப் பலர் அனுப்பியிருந்தால் ஒரு தடவைதான் பதில். பெயருக்குப் பதிலாக ஊர்.

கரூர்: பழைய கிராம வரைபடம், ஏ2 அளவு. வீட்டு ஏ4 ஸ்கேனரில் நான்கு துண்டாக எடுத்து ஒட்டினால் கோடுகள் சேரவே மாட்டேன் என்கின்றன.

கணக்கே உதைக்கிறது. ஏ2 என்பது 420 × 594 மி.மீ., ஏ4 என்பது 210 × 297. நான்கு துண்டு என்றால் ஓவர்லேப் துளியும் கிடையாது. இரண்டு படத்திலும் பொதுவான இடம் இல்லாவிட்டால் எந்த மென்பொருளும் எதை வைத்துப் பொருத்தும்? கால் பங்காவது ஓவர்லேப் வேண்டும். அப்படிப் பார்த்தால் மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று, ஆக ஒன்பது ஸ்கேன். 300 டிபிஐ போதும். மூடியைத் திறந்தே வைத்து, தாளின் மேல் தடித்த அட்டையும் கனமான புத்தகமும் வையுங்கள். கண்ணாடியைச் சுற்றியுள்ள மேடு தாளைத் தூக்கும். அந்த ஓரம் ஒரு செ.மீ. மங்கியிருந்தால் வெட்டி எறியுங்கள், பக்கத்துப் படத்தில் அதே இடம் தெளிவாக இருக்கும்.

தாளை 180 டிகிரி திருப்பலாம், 90 டிகிரி கூடாது. ஒரு திசையில் அளப்பது சென்சார், இன்னொரு திசையில் மோட்டார். இரண்டின் அளவும் மயிரிழை வேறுபடும். ஆட்டோ டோன் (வெளிச்சத்தைத் தானே மாற்றுவது), ஆட்டோ கிராப் (ஓரத்தைத் தானே வெட்டுவது) இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

பிறகு ஹியூகின், படங்களை ஒட்டும் மென்பொருள். லென்ஸ் வகை ரெக்டிலினியர், பார்வைக் கோணம் 10 டிகிரி, ஒன்பது படத்துக்கும் அதே. பொருத்தத்தைக் கணக்கிடும் ஆப்டிமைசரில் எக்ஸ், ஒய் (நகர்வு), ரோல் (சுழற்சி) மூன்றை மட்டும் திறந்துவிடுங்கள். யா, பிட்ச் (கேமராவின் திருப்பமும் சாய்வும்) பக்கம் போகாதீர்கள். கேமராவைச் சாய்த்து எடுத்த படத்தைப் பொருத்த எட்டு எண்கள் தேவை. கண்ணாடியில் படுத்திருக்கும் தாளுக்கு நகர்வு இரண்டு, சுழற்சி ஒன்று, அவ்வளவுதான். மிச்சத்தையும் திறந்தால் தாளின் சுருக்கத்தைச் சமாளிக்க மென்பொருள் சதுரத்தைச் சரிவகமாக்கிவிடும். அதில் பரப்பளவு பார்க்க முடியாது.

திருச்சி, மேலும் ஐந்து ஊர்கள்: வாட்ஸ்அப்பில் வந்த படத்தைத் தெளிவாக்க முடியுமா?

அனுப்பியவரிடம் 'டாகுமென்ட்' ஆக மூலக் கோப்பைக் கேளுங்கள். படமாக அனுப்பினால் பிக்சலையும் குறைத்து, ஜேபெக்கையும் இறுக்கித்தான் வரும். போனது போனதுதான்.

சென்னை: சிஃப்ட் (படங்களில் பொதுவான புள்ளிகளைத் தேடும் முறை) காப்புரிமைப் பிரச்சினை தீர்ந்ததா? ஹோமோகிராஃபி (சாய்த்து எடுத்த படத்தைப் பொருத்தும் அந்த எட்டு எண் கணக்கு) சில படங்களில் கோணலாகிறது.

2020 மார்ச்சில் காலாவதி. ஓபன்சிவி என்ற பட நிரல் நூலகத்தில் 4.4 பதிப்பு முதல் மூலத் தொகுப்பிலேயே இருக்கிறது. கோணலுக்குக் காரணம் பெரும்பாலும் புள்ளிகளின் எண்ணிக்கை அல்ல, பரவல். 300 புள்ளிகளும் ஒரே மூலையில் குவிந்தால் எதிர்மூலை தொங்கும். படத்தை 4 × 4 கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு இத்தனை என்று உச்சவரம்பு வையுங்கள். சந்தேகமான புள்ளி ஜோடிகளை விலக்கும் லோவின் விகிதச் சோதனை 0.75, தவறான ஜோடிகளை ஒதுக்கும் ரான்சாக் எல்லை 3 பிக்சல். படத்தைப் பாதியாகச் சுருக்கிவிட்டு அதே 3-ஐ வைத்தால் மூலப் படத்தில் அது 6 ஆகிவிடும், மறக்காதீர்கள்.

உடுமலை: நிலாவை எத்தனை ஃபிரேம் எடுத்து அடுக்க வேண்டும்?

2000 எடுங்கள், ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற அடுக்கும் மென்பொருளில் சிறந்த 10 முதல் 20 சதவீதம் வையுங்கள். இரைச்சல், அதாவது படத்தின் புள்ளிப் பொரி, ஃபிரேம் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் குறையும்: 100 ஃபிரேமுக்குப் பத்தில் ஒரு பங்கு, அதை இன்னும் பாதியாக்க 400 வேண்டும். கூர்மையாக்கும் வேவ்லெட் வடிகட்டியைக் கூட்டும்போது நிலாவின் விளிம்பில் வெள்ளை வளையம் வந்தால் அத்துடன் நிறுத்துங்கள்.

தஞ்சாவூர்: ஓலைச்சுவடிப் படத்தில் கிளாஹே (இடத்துக்கு இடம் ஒளி வேறுபாட்டைக் கூட்டும் முறை) போட்டால் எழுத்தைவிட ஓலை நரம்பு தூக்கலாகத் தெரிகிறது.

ஓபன்சிவியில் கிளிப் லிமிட்டின், அதாவது அந்தக் கூட்டலுக்கான வரம்பின், இயல்பு மதிப்பு 40. அதை 2 ஆக்குங்கள். ஆர்ஜிபி மூன்றிலும் தனித்தனியாகப் போடாமல், ஒளியையும் நிறத்தையும் தனியாகப் பிரிக்கும் லேப் வண்ணவெளியின் ஒளி அடுக்கில் மட்டும் போடுங்கள். கையில் அகச்சிவப்பு கேமரா இருந்தால் இந்தப் பாடே வேண்டாம்: கீறலில் தேய்த்த கரி அகச்சிவப்பை விழுங்கும், பழுத்த ஓலை வெளுத்துத் தெரியும்.

திருவண்ணாமலை: கல்வெட்டை நான்கு பக்க வெளிச்சத்தில் எடுத்தேன். படங்கள் தாமாகப் பொருந்தவில்லை.

பொருந்தாது. விளக்கு இடம் மாறினால் நிழல் புரளும், சிஃப்ட்டுக்கு அது வேறு கல். முக்காலியில் கேமராவைப் பூட்டி, விளக்கை மட்டும் நகர்த்துங்கள். பொருத்தும் வேலையே இருக்காது. 2001-இல் மால்ஸ்பெண்டர் குழு எச்பி ஆய்வகத்தில் கொண்டுவந்த, பல வெளிச்சப் படங்களை ஒன்றாக்கும் பாலினோமியல் டெக்ஸ்சர் மேப்பிங்கும் அசையாத கேமராவை நம்பித்தான் நிற்கிறது. ஆனால் மைப்படி (கல்லில் தாளை ஒற்றி மையால் எடுக்கும் நகல்) எடுக்க அனுமதி கிடைத்தால் அதையும் விடாதீர்கள்.

சேலம்: பழைய கிரையப் பத்திரத்தில் சர்வே எண் முத்திரைக்கு அடியில் மங்கிவிட்டது. ஏ.ஐ. செயலியில் போட்டதும் 146 என்று பளிச்சென்று வந்தது. நம்பலாமா?

கூடாது. 2013-இல் கணினி அறிஞர் டேவிட் கிரீசல் கண்டுபிடித்ததைக் கேளுங்கள். ஜெராக்ஸ் வொர்க்சென்டர் கருவியில் ஸ்கேன் செய்த கட்டட வரைபடத்தில் 21.11 ச.மீ. அறை 14.13 ஆகியிருந்தது. அது ஏ.ஐ.கூட இல்லை. ஜேபிக் 2 என்ற கோப்புச் சுருக்க முறை, 'இந்தத் துண்டு அந்தத் துண்டு மாதிரி இருக்கிறது' என்று ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்துவிட்டது. எழுத்து மங்கவில்லை, கூர்மையாகவே தவறாக இருந்தது.

கோவை: எல்லா ஏ.ஐ.யையும் ஒதுக்குவது பழைய ஆள் பேச்சு. உங்கள் ஃபோனின் இரவுப் படமும் கணினி வேலைதானே?

கணினி வேலைதான், யார் மறுத்தார்? கூகுளின் எச்டிஆர் பிளஸ் வரிசையாகப் பல ஃபிரேம் எடுத்து, சிறு கட்டங்களாக நகர்த்திப் பொருத்தி, சராசரி எடுக்கிறது. பிக்சல் 3-இன் ஜூம், கை நடுக்கத்தையே பயன்படுத்திப் பிக்சல்களுக்கு இடைப்பட்ட இடத்தை நிரப்புகிறது. அங்கே வரும் விவரம் உங்கள் லென்ஸ் வழியாக வந்தது. ஒற்றைப் படத்தைப் பெரிதாக்கும் செயலியில் வரும் விவரம் வேறு யாருடைய படங்களிலிருந்தோ வந்தது. 2020-இல் டியூக் பல்கலைக்கழகத்தின் பல்ஸ் என்ற முகம் தெளிவாக்கும் மாடல், ஒபாமாவின் மங்கிய படத்தைக் கொடுத்தால் ஒரு வெள்ளைக்காரர் முகத்தைத் தந்தது.

கோவை, மறுபடி: அது அன்று. இன்றைய மாடல்கள் எங்கோ போய்விட்டன.

இன்னும் நம்பும்படியாகத் தவறு செய்யும் என்று அர்த்தம். முகத்துக்குப் பரவாயில்லை, மாலை போட்டு மாட்டுவீர்கள். சர்வே எண்ணுக்கு?

சேலத்துக்காரரே, பத்திரத்தை 600 டிபிஐ-யில் வண்ணத்தில் ஸ்கேன் செய்து சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களைப் பிரியுங்கள். ஊதா முத்திரை நீலச் சேனலில் வெளிறும், கறுப்பு மை நிற்கும். தாள் மிகவும் மஞ்சளித்திருந்தால் நீலமே இருண்டுவிடும், அப்போது சிவப்பையும் பாருங்கள். எழுத்தே மங்கலென்றால் தாளை அசைக்காமல் பத்து ரா படம் (கேமரா சுருக்காத மூலப் படம்) எடுத்து, பொருத்தி, சராசரி எடுங்கள். பொருத்திய பிறகுதான் ஷார்ப்பன். முதலிலேயே செய்தால் இரைச்சலைத்தான் பொருத்துவீர்கள். எது தெரிந்தாலும் வழக்குக்கு அது ஆகாது, சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்குங்கள்.

நாகர்கோவில்: வாட்ஸ்அப்பில் வந்த கல்யாணப் படம்...

திருச்சிக்கான பதில்.

கரூர், மறுபடி: ஒன்பதும் எடுத்தேன், கோடுகள் சேர்ந்துவிட்டன. ஆனால் ஒட்டிய இடங்களில் வெளிர் பட்டை தெரிகிறது.

ஆட்டோ டோனை அணைக்கவில்லை. துண்டுக்குத் துண்டு வெள்ளை மாறியிருக்கிறது. ஒட்டிய இடத்தை மறைக்கும் என்பிளெண்ட் மென்பொருள் பட்டையை ஓரளவு கரைக்கும், ஆனால் ஒன்பதையும் மறுபடி ஸ்கேன் செய்வது அதைவிடச் சீக்கிரம் முடியும்.