தோட்டத்தில் குடும்ப வன்முறை: அக்கம்பக்கத்தார் என்ன செய்யலாம்?

அடி மட்டுமல்ல, மிரட்டுவது, அடைத்துவைப்பது, மனத்தளவில் வதைப்பது எல்லாமே மலேசியாவின் 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்துக்குள் வரும்.

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் இது நீடிக்க ஒரு பெரிய காரணம் வீடு. அது கணவரின் வேலையோடு வந்தது என்றால், அவரை விட்டுப் போனால் கூரையும் போய்விடுமே என்று மனைவி பயப்படுவார். சுற்றியிருப்பவர்களும் "அவங்க குடும்ப விஷயம்" என்று கதவைச் சாத்தினால் அடிப்பவருக்குத் துணிச்சல் கூடும். தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் ஒரு வீடு தீப்பிடித்தால் யாராவது கூப்பிடட்டும் என்றா காத்திருப்போம்?

அதற்காக அடிக்கும் கணவரிடம் போய்ச் சண்டை போடாதீர்கள். அந்தக் கோபமும் அடிபடும் அக்கா மேல்தான் இறங்கும். அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து அக்காவிடம் பேசுங்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், மாற்றுத்துணி, கொஞ்சம் ரிங்கிட் எல்லாம் ஒரு பையில் போட்டு உங்கள் வீட்டில் வைத்திருங்கள். நடுராத்திரி தட்டினாலும் திறப்போம் என்று சொல்லிவிடுங்கள். உடனடி ஆபத்தென்றால் 999, உதவிக்கு 'தாலியான் காசே' என்ற அரசு உதவி எண் 15999.

போலீஸ் புகார் கொடுத்தால்தான் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் உடல் காயமோ, காயப்படுத்துவார் என்ற பயமோ இருந்தால், புகார் இல்லாமலேயே சமூக நல அதிகாரி 7 நாள் அவசரப் பாதுகாப்பு ஆணை தரலாம்.